நாலு மில்லிமீட்டர்

காலை எட்டு மணிக்கு எர்மிந்தாவின் கொல்லைக் கதவு கிறீச்சிடும் சத்தத்தைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறவர்கள் வால்டிவியாவில், எங்கள் கொயிக்கோ பேட்டையில் உண்டு. ரப்பர் பூட்ஸ், மகனுடைய பழைய மழைக்கோட்டு, காதில் சொருகிய பென்சில். கொல்லையின் நடுவில், மரமோ கூரையோ மறைக்காத இடமாகப் பார்த்து நட்ட கம்பத்தின் மேல் அவளுடைய மழைமானி நிற்கும். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு தகர உருளை, அதன் வாயில் ஒரு புனல், புனலுக்குக் கீழே கோடு போட்ட கண்ணாடிக் குடுவை. அவ்வளவுதான். குடுவையை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுத் தண்ணீரைப் புல்லில் கொட்டுவாள். இருபத்தொரு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. மகள் கல்யாணத்தன்று தேவாலயத்துக்குக் கிளம்பிய வண்டியை நிறுத்தி இறங்கி, பட்டுச் செருப்போடு சேற்றில் நடந்துபோய் அளந்துவிட்டு வந்தவள்.

அறுபத்து நாலு வயதில், ஆற்றங்கரைச் சந்தையில் மீன் கடை வைத்திருக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வம்பு என்று கேட்கலாம். கேட்டவர்களுக்கு அவள் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. உண்மைக் காரணம் சான்டியாகோவில் இருந்தது.

பத்தொன்பது வயதில் அவள் தலைநகரத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஆறு வருஷம். அந்த வீட்டு முதலாளியம்மா பொல்லாதவள் இல்லை, சோறு போடுவாள், சொன்ன தேதியில் சம்பளம் தருவாள். ஆனால் விருந்தாளிகள் வந்துவிட்டால், ஊரிலிருந்து எர்மிந்தா கொண்டுவந்த கம்பளிக் கோட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவாள். "பாருங்க, புகையும் பூஞ்சையும். தெக்கே இருந்து வர்றவங்க எல்லாருக்கும் இதே வாசனைதான்." ஒருநாள் எர்மிந்தா பொறுக்காமல், "எங்க ஊர்ல நாப்பது நாள் விடாம பெய்யும்மா, விறகு அடுப்பு இல்லாம எப்படி இருக்கறது?" என்று கேட்டுவிட்டாள். முதலாளியம்மா சிரித்தாள். "நாப்பது நாளா! நல்லா கதை அளக்குறா பாருங்க." விருந்தாளிகளும் சிரித்தார்கள். எர்மிந்தா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நாற்றம் அடிக்கிறது என்று சொன்னதற்கு அல்ல. பொய் சொல்கிறாள் என்றார்களே, அதற்கு.

ஊர் திரும்பிப் பல வருஷம் கழித்து, உள்ளூர் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தும் ஹெனாரோ, வீட்டில் மழை அளக்க ஆள் வேண்டும் என்று அறிவித்தபோது முதலில் போய் நின்றவள் எர்மிந்தா. தகர உருளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தாள். இனி யாரும் கதை என்று சொல்ல முடியாது. கோடு போட்ட குடுவை இருக்கிறது.

அதை வைத்த முதல் வாரமே பிரச்சினை வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். மழையில் எதுவும் திறந்து கிடக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பக்கத்து வீட்டுக் கொடியில் துணி கிடந்தால் வேலி தாண்டிப் போய் எடுத்து மடித்து வைப்போம். எதிர்வீட்டு விறகு நனைந்தால் தார்ப்பாயை இழுத்து விடுவோம். வாளி மல்லாந்து கிடந்தால் கவிழ்ப்போம். சொந்த வீடு, அயல் வீடு, சண்டைக்கார வீடு என்றெல்லாம் பார்ப்பதில்லை. அதனால் எர்மிந்தாவின் மழைமானியை யாரோ ஒரு புண்ணியவான் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தார். அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்: "அது நனையறதுக்குன்னே நிக்குது. தயவுசெஞ்சு நனைய விடுங்க."

அதற்குப் பிறகு அந்த மழைமானிக்குக் காவல் நின்றவள் வேலிக்கு அந்தப்பக்கத்து நோல்ஃபா. எர்மிந்தாவைவிட நாலு வயது மூத்தவள், சின்ன வயசிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்தவள். எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்த ஆள் ஒருநாள் தன் தொப்பியைக் கழற்றி அந்த உருளையின் மேல் மாட்டினான். நோல்ஃபா துடைப்பத்தோடு வேலி தாண்டிவிட்டாள். அவன் இப்போதும் அந்தத் தெருவுக்கு வந்தால் தொப்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பான்.

பந்தயம் தொடங்கியது நாலு வருஷத்துக்கு முன்னால். தெற்கே மூன்று மணி நேரப் பயணத்தில் புவெர்ட்டோ மோன்ட் இருக்கிறது. கடற்கரை ஊர், மழையில் எங்களுக்குச் சளைக்காத ஊர் என்று அவர்களுக்கு நினைப்பு. அங்கே அபெலார்டோ என்று படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒரு மனிதர் மழை அளந்துகொண்டிருந்தார். ஹெனாரோ இரண்டு பேரையும் திங்கட்கிழமைதோறும் தொலைபேசியில் இணைத்துப் பேச விட்டான். பேச்சு கேலியாகி, கேலி பந்தயமாகிவிட்டது. செப்டம்பர் தொடக்கத்திலிருந்து மறு ஆகஸ்ட் கடைசி வரை யார் குடுவையில் அதிகம் விழுகிறதோ அந்த ஊர் வென்றது. ஆகஸ்ட்டை ஏன் எல்லையாக வைத்தார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகஸ்ட்டைத் தாண்டிய கிழடு இன்னொரு வருஷம் தாங்கும் என்பது எங்கள் நம்பிக்கை. மாதக் கடைசி நாளில் கேக்கும் சிடர் என்கிற ஆப்பிள் மதுவும் வைத்துக் கொண்டாடுவோம்.

தோற்றவர் ஜெயித்த ஊருக்குப் போக வேண்டும். நடுச் சதுக்கத்தில் தொப்பியும் குடையும் இல்லாமல் அந்த ஊர் மழையில் தலைமுடி சொட்டும் வரை நின்று, அந்த ஊர் மழைதான் மழை என்று மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். எர்மிந்தா மூன்று வருஷம் தோற்றாள். மூன்று வருஷமும் போனாள், நனைந்தாள், சொன்னாள். மூன்றாவது தடவை திரும்பி வரும் பஸ்ஸில் நோல்ஃபாவிடம், "அடுத்த தடவையும் இதைச் சொல்ல வச்சான்னா நான் செத்தே போயிருவேன்டி" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தன் ஊரை ஒரு தடவையாவது முதலில் நிறுத்தாமல் அந்த நோட்டை மூடுவதில்லை என்று அவள் உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

இந்த வருஷம் செப்டம்பர் நன்றாகத் தொடங்கியது. நாட்காட்டி அதை வசந்தம் என்று சொல்லும். வால்டிவியா நாட்காட்டி படிப்பதில்லை. காலையில் வெயில், பத்து மணிக்கு ஆலங்கட்டி, மத்தியானம் வானவில், சாயங்காலம் காதைக் கடிக்கும் குளிர். அக்டோபரில் ஆப்பிள் பூத்தது, பூவை மழை உதிர்த்தது, பாக்கிப் பூ காய்த்தது. டிசம்பரில் செர்ரிப் பழம் கிளையிலேயே நீர் குடித்து வெடித்தது, வெடித்ததையும் தின்றோம். எர்மிந்தா பத்து மில்லிமீட்டர் முன்னால் இருந்தாள்.

எங்கள் நடுக்கோடையான ஜனவரி காலை வாரிவிட்டது. இருபத்திரண்டு நாள் ஒரு சொட்டு இல்லை. முதல் வாரம் ஊரே ஆற்றில் குளித்தது. இரண்டாம் வாரம் கறுப்புச் சட்டை போட்டவனையெல்லாம் குதிரை ஈ துரத்தியது. மூன்றாம் வாரம் ஆளுக்கு ஆள் எரிந்து விழ ஆரம்பித்தார்கள். தகரக் கூரையில் சத்தம் இல்லாமல் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரவில்லை. எர்மிந்தா தினமும் வெறும் குடுவையை எடுத்துப் பார்த்து, பூஜ்யம் எழுதினாள்.

"என்னம்மா எர்மிந்தா, குடுவைல சிலந்தி கூடு கட்டிருச்சாமே?" என்றார் அபெலார்டோ வானொலியில்.

"கட்டட்டும் ஐயா. ஏப்ரல்ல அது நீச்சல் கத்துக்கும்."

"எங்க ஊர்ல நேத்து பன்னெண்டு."

"மழையா, இல்ல மீன் கழுவுன தண்ணியா?"

ஹெனாரோ சிரித்துச் சிரித்து இருமினான். ஆனால் பிப்ரவரி முடியும்போது எர்மிந்தா தொண்ணூறு மில்லிமீட்டர் பின்னால் இருந்தாள். ஆற்றில் அலங்காரப் படகுகள் ஊர்வலம் போன அந்தச் சாயங்காலம் மட்டும் பொடித் தூறல் போட்டது. கரையில் நின்ற வெளியூர்க்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எர்மிந்தா கையை நீட்டி ஏந்தி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினாள்.

மார்ச்சில் விறகு அடுக்கினோம், கூரைத் தகரத்தின் ஆணிகளைத் தட்டிப் பார்த்தோம், கூரையோர வாய்க்கால் தகரத்தில் கிடந்த சருகை வாரினோம். ஏப்ரலில் வடக்கிலிருந்து காற்று திரும்பியது. எங்களுக்கு மழை வடக்குக் காற்றில் வரும், வெயில் தெற்குக் காற்றில் வரும்; பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். மே மாதம் ஆற்றின் மேல் பனிமூட்டம் பத்து மணி வரை எழுந்திருக்கவில்லை. ஜூனில் புயல் மழை. ஒரு வாரம் மேற்கும் வடக்கும் சேர்ந்து அடித்தன, சந்தையில் கடல்சிங்கங்கள்கூட ஆற்றை விட்டுப் படிக்கட்டில் ஏறி ஒடுங்கிக் கிடந்தன. எர்மிந்தாவின் கடைக்கு முன்னால் ஒரு கிழட்டுக் கடல்சிங்கம் மீன் தலைக்கு வாய் திறந்தபோது அவள் முழு மீனையே போட்டாள். அன்று காலை குடுவையில் எழுபத்தெட்டு.

சான் ஹுவான் திருநாளுக்கு வழக்கம்போல மூன்று நாள் வெயில் வந்தது. எங்கள் குட்டிக் கோடை அது. எல்லோரும் மெத்தையை வெளியே போட்டார்கள். பிறகு ஜூலை. ஜூலையைப் பற்றி என்ன சொல்ல? ஜூலையில் நாங்கள் வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சோபைப்பியாவுக்குப் பூசணி பிசைந்து, எண்ணெயில் போட்டு எடுத்து, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தின்றோம். ஆகஸ்ட்டில் ஆற்றங்கரை அகாசியாக்கள் மஞ்சளாகப் பூத்தபோது தொண்ணூறு நாற்பதாகியிருந்தது. ஆகஸ்ட் முப்பதாம் தேதி காலை, பாக்கி பத்தொன்பது.

ஒரே ஒரு நாள். பத்தொன்பதும், அபெலார்டோ குடுவையில் விழுவதும் சேர்ந்து, அதற்கு மேல் ஒரு சொட்டு.

அன்று காலை அளந்து முடித்த கையோடு கொஞ்சம் தூறிவிட்டு நின்றது. பதினோரு மணிக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி திறந்து வெயில் காய்ந்தது. எர்மிந்தாவுக்கு அழுகை வந்தது. ஆனால் வால்டிவியாக்காரி அழுதுகொண்டிருந்தாலும் வெயிலை வீணடிக்க மாட்டாள். படுக்கை விரிப்பு நாலையும் துவைத்துக் கொடியில் போட்டாள். மறுநாள் விருந்துக்குக் கேக் சாமான் வாங்க டவுனுக்குப் போனாள்.

நாலு மணிக்கு மளிகைக் கடை வாசலில் நின்றபோது அவள் கழுத்தின் பின்பக்கம் காற்று பட்டது. திரும்பிப் பார்த்தாள். ஆற்றுக்கு மேலே கரியைக் கரைத்து ஊற்றினாற்போல் மேகம். வடக்கு. எர்மிந்தா நடுத்தெருவில் மாவுப் பையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் போன ஆள் விலகி நடந்தான்.

வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டது, மழை ஊற்றிக்கொண்டிருந்தது. முன்வாசல் வழியாக ஓடி நுழைந்தாள். சமையலறை நாற்காலியில் விரிப்பு நாலும் காய்ந்து, மடிந்து, மூலைக்கு மூலை சரியாக இருந்தன. நோல்ஃபா வந்திருக்கிறாள். வேறு யார் இப்படி மடிப்பார்கள்? படுத்துக்கொண்டு கூரைச் சத்தத்தைக் கேட்டாள். வால்டிவியாக்காரியின் காதுக்குக் கூரைத் தகரம் பொய் சொல்லாது. அறுபதுக்குக் குறையாது என்று எண்ணிக்கொண்டே தூங்கிப்போனாள்.

காலை எட்டு மணிக்குக் கதவு கிறீச்சிட்டது. மழை நின்றிருந்தது. கொல்லை முழுக்கத் தண்ணீர். வேலி ஓரத்துத் தள்ளுவண்டி கவிழ்த்து வைத்திருந்தது. விறகின் மேல் தார்ப்பாய் இழுத்து மூடியிருந்தது. கம்பத்தின் மேல், மழைமானியின் வாயை மூடி, நீல எனாமல் பேசின் ஒன்று கவிழ்ந்திருந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு கல்.

 எர்மிந்தா கல்லை இறக்கி, பேசினை எடுத்து, குடுவையைத் தூக்கினாள். நேற்றுக் காலைத் தூறல் மட்டும் இருந்தது. நாலு மில்லிமீட்டர்.

"யாருடி இது?" என்று கத்தினாள். கேட்கவே வேண்டாம். அந்த பேசினில் முப்பது வருஷமாக நோல்ஃபா கீரை கழுவுவதைப் பார்த்திருக்கிறாள்.

நோல்ஃபா வேலியருகில் வந்தாள். எர்மிந்தாவின் கையிலிருந்த பேசினைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"நான் இல்ல" என்றாள். பிறகு, "நான்தான்." பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "துணிய எடுக்க வந்தேன்டி. காத்து அடிச்சுது. வண்டியக் கவுத்தேன், விறக மூடினேன்... இத எப்ப செஞ்சேன்னே எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. கை தானா செஞ்சுருச்சு."

எர்மிந்தாவுக்கு வாயில் வந்ததெல்லாம் வந்தது. "இருபத்தொரு வருஷம்டி! தொப்பி மாட்டுனவன அடிச்சவ நீ! உன் கைய வெட்டி அடுப்புல வைக்க!" நோல்ஃபா அசையாமல் நின்று வாங்கிக்கொண்டாள். அது எர்மிந்தாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சத்தம் கேட்டுத் தெரு திரண்டுவிட்டது. கடைசி வீட்டு நிபால்டோ ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பயப்படாதே எர்மிந்தா. என் வாளி வெளில கிடந்துச்சு. எட்டு விரல் தண்ணி இருக்கு. அளந்து எழுதிக்கோ."

"உங்க வாளி அடில குறுகல், மேல அகலம். அது எப்படி அளக்கறது?"

"என் நாய்த் தட்டு நேரா இருக்கும்" என்றது ஒரு குரல். ஒருத்தி பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்தாள். இன்னொருவர் குளிப்பாட்டும் தொட்டியையே இழுத்துக்கொண்டு வந்தார். ஊர் முழுக்க எதையும் திறந்து விடாத ஜனம்; ஆளுக்கு ஒன்று மறந்திருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அறுபத்தஞ்சு எழுது" என்றார் நிபால்டோ. "எங்க எல்லாருக்கும் காது இருக்குல்ல? கூரை சொல்லுச்சு. நாங்க சாட்சி."

"எழுதுடி" என்றாள் நோல்ஃபா. "பாவம் என் தலைல விழட்டும்."

எர்மிந்தா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். அறுபத்தைந்து பொய் இல்லை. எழுபதுகூட இருக்கும். மேலே இருக்கும் கடவுளுக்கு அது தெரியும், கொயிக்கோவுக்குத் தெரியும். நோட்டைத் திறந்தாள். தேதிக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ, அந்த முதலாளியம்மாவின் சிரிப்பு காதில் விழுந்தது. நாப்பது நாளா! நல்லா கதை அளக்குறா பாருங்க. அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தானே இந்த நோட்டு? இதில் ஒரு எண் காதால் கேட்டு எழுதியதென்றால், மற்ற ஏழாயிரத்துச் சொச்சம் எண்ணும் எப்படி எழுதியவை என்று எவள் கேட்டாலும் என்ன சொல்வது?

அவள் 4 என்று எழுதினாள். மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள்.

எட்டரைக்கு வானொலியிலிருந்து தொலைபேசி அடித்தது. தெருவே சமையலறையில் நின்றது. முதலில் அபெலார்டோ: "ஆறு." பத்தொன்பதும் ஆறும் இருபத்தைந்து. நிபால்டோ நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எர்மிந்தா அம்மா?" என்றான் ஹெனாரோ.

"நாலு."

 "நாலா?" என்றார் அபெலார்டோ. "அம்மா, உங்க ஊர்ல ராத்திரி மூணு படகு கயித்த அத்துகிட்டு ஆத்தோட போயிருச்சுன்னு செய்தில சொன்னாங்க. நாலுங்கறீங்க?"

"நாலுதான் ஐயா. குடுவை மேல பேசின் கவுத்திருந்துச்சு."

"எவன் அந்தக் காலிப்பய?"

"காலிப்பயலும் இல்ல, ஒண்ணுமில்ல." எர்மிந்தாவின் குரல் ஏறியது. வேலிக்கு அந்தப்பக்கம் நோல்ஃபா வீட்டிலும் வானொலி ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். "எங்க ஊர்ல மழை வந்தா ஒருத்தர் பொருள இன்னொருத்தர் மூடுவாங்க. யோசிச்சு மூட மாட்டாங்க, கை தானா மூடும். அவ்வளவு மழைய இந்தக் கைங்க பாத்திருக்கு. உங்க ஊர்ல இத்தனை வருஷமா எவனும் உங்க குடுவைய மூடலைன்னா, அது உங்க மழைக்குத்தான் கேவலம்."

சமையலறையில் கைதட்டல் எழுந்தது. அபெலார்டோ விழுந்து விழுந்து சிரித்தார். "சரிம்மா, இந்த வருஷம் பந்தயம் இல்லைன்னு வச்சுக்குவோம். நீங்க வர வேண்டாம்."

"தோத்தா தோத்ததுதான். ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குச் சதுக்கத்துல நிப்பேன்."

அன்று மாலை விருந்துக்கு நோல்ஃபா வரவில்லை. ஆகஸ்ட்டைத் தாண்டியவர்களில் அவள்தான் மூத்தவள், கேக்கை அவள்தான் வெட்ட வேண்டும். எர்மிந்தா ஒரு துண்டைத் தட்டில் வைத்து வேலிக் கம்பத்தின் மேல் வைத்தாள். காலையில் தட்டு இருந்தது, கேக்கும் இருந்தது, மேலே ஒரு கிண்ணம் கவிழ்த்து மூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எர்மிந்தாவோடு பன்னிரண்டு பேர் போனார்கள். நோல்ஃபா போகவில்லை. புவெர்ட்டோ மோன்ட் சதுக்கத்தில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். அபெலார்டோ நல்ல கோட்டு போட்டு வந்திருந்தார். ஹெனாரோ ஒலிவாங்கியோடு நின்றான். எல்லாம் தயார். மழை மட்டும் இல்லை.

இல்லை என்றால் சுத்தமாக இல்லை. கடல் கண்ணாடிபோல் கிடந்தது. தூரத்து எரிமலை உச்சிவரை துலக்கமாகத் தெரிந்தது. எர்மிந்தா தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தாள், கைகளைக் கட்டிக்கொண்டு சதுக்கத்தின் நடுவில் நின்றாள்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. அபெலார்டோ கோட்டைக் கழற்றி, நெற்றியைத் துடைத்தார்.

"உக்காருங்கம்மா. ஒரு வாய் சூப்பாவது குடிங்க."

"மழை வரட்டும் ஐயா. நனைஞ்சுட்டுக் குடிக்கிறேன்."

"ஒரு வாளித் தண்ணி கொண்டாரச் சொல்லவா?"

"குழாய்த் தண்ணிய என் ஊர்ல மழைன்னு சொல்ல மாட்டோம். இங்க எப்படியோ."

கூட்டம் சிரித்தது. அவருடைய ஊர்க்காரர்களே சிரித்தார்கள். நிபால்டோ வானத்தை நோக்கிக் கையைக் குவித்து, "ஏம்ப்பா, ஜெயிச்ச மழை எங்கப்பா?" என்று கூவினார். ஒரு பஞ்சு மேகம் எரிமலைப் பக்கத்திலிருந்து வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எர்மிந்தாவின் கால் மரத்தது, மூக்கு நுனி வெயிலில் சிவந்தது. ஆனால் அவளுக்கு இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. ஹெனாரோவின் செல்பேசி அடித்தது. பேசிவிட்டு ஒலிவாங்கியில் சொன்னான்: "வால்டிவியால காலைல இருந்து கொட்டுதாம்."

நாலு மணிக்கு அபெலார்டோ தன் தொப்பியைக் கழற்றினார். "நான் ஜெயிச்சேன்னு நோட்டு சொல்லுது" என்றார். "வேற யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. போயிட்டு வாங்கம்மா." எர்மிந்தா அவர் கையைக் குலுக்கினாள். அவர் ஊர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலேயே பஸ் ஏறினாள்.

ஏழு மணிக்கு வால்டிவியா பஸ் நிலையத்தில் இறங்கும்போது மழை நேராக, நிதானமாக, வேறு வேலையே இல்லாததுபோல் பெய்துகொண்டிருந்தது. கூரைக்கு அடியில் நோல்ஃபா நின்றாள். கையில் எர்மிந்தாவின் மழைக்கோட்டு. கொல்லை வழியாகப் போய் எடுத்து வந்திருக்க வேண்டும்.

"போட்டுக்கோ" என்றாள், தரையைப் பார்த்து.

"வேண்டாம். தண்டனை பாக்கி இருக்கு. நனையறேன்னு ஊரறியச் சொன்னேன். அங்க நனைய வழியில்ல, இங்க நனைஞ்சுக்கறேன்."

எர்மிந்தா கூரையை விட்டு வெளியே இறங்கினாள். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியது, கழுத்துக்குள் தண்ணீர் இறங்கியது. போட்டிருந்த கம்பளிக் கோட்டிலிருந்து விறகுப் புகையின் வாசனை எழுந்தது. அவள் அதை ஆழ இழுத்து மூச்சு விட்டாள். பிறகு ஆற்றைப் பார்த்துத் திரும்பி, "வால்டிவியா மழைதான் மழை!" என்று கத்தினாள். இரண்டாவது தடவை நிபால்டோவும் மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். மூன்றாவது தடவை டாக்ஸிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

எர்மிந்தா நோல்ஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றோரமாக நடந்தாள். 

"கேக்கை ஏன்டி திங்கல?"

"தொண்டைல இறங்கல."

"மூடி மட்டும் வச்ச."

"மழை தூறுச்சே" என்றாள் நோல்ஃபா.

எர்மிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் கேட்ட மாத்திரத்தில் நோல்ஃபாவின் கை தன் தோளிலிருந்த கம்பளிச் சால்வையை உருவி, எர்மிந்தாவின் ஈரத் தலையில் போட்டு, நெற்றி வரை இழுத்து, தாடைக்குக் கீழே சேர்த்துப் பிடித்தது. பிடித்த பிறகுதான் நோல்ஃபா அதைப் பார்த்தாள். சுட்டதுபோல் கையை எடுக்கப் போனாள்.

எர்மிந்தா அந்தக் கையை எட்டிப் பிடித்து, எடுத்த இடத்திலேயே வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இருக்கட்டும்டி" என்றாள். "இது நனையக் கூடாததுதான்."